வெள்ளிக்கிழமைப் பொண்ணுக்குச் சனிக்கிழமை போன்

பட்டினப்பாக்கம், சென்னை.
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் வைதேகிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ராயப்பனும், வயிற்றில் இருக்கிற ராஜாவோ ராணியோ அதுவும், சுகமாக இருக்கணும்னு கபாலியை வேண்டிக்கிட்டேன். மாப்பிள்ளைக்காக சாந்தோம் மாதாவையும் சேர்த்தே வேண்டிக்கிட்டேன், ரெண்டு பேரும் கூப்பிடு தூரத்தில்தானே இருக்காங்க, யார் பார்த்துக்கிறதுன்னு பேசி முடிவு பண்ணிக்கட்டும். இங்கே நாங்கள் நலம். நலம்னா எழுந்து நடக்கிறோம், அவ்வளவுதான்.

மயிலாப்பூர், மந்தைவெளின்னு எங்கே பார்த்தாலும் வீட்டை இடிச்சு மாடி மேல மாடி கட்டுறாங்க, அத்தனை மாடிக்கும் சிலிண்டரைத் தோளில் வெச்சுக்கிட்டு உங்கப்பன்தான் ஏறணும். லிப்டு இருக்கு, அதில் மனுஷன் போகலாம், நாய் போகலாம், சிலிண்டர் போகக் கூடாதாம். சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பினா எனக்கு முன்னாடி என் தோள்பட்டை வந்து படுத்துக்குது. மெட்ராசுக்கு சென்னைன்னு பேரை மாத்தினாங்க, குழாயில் வர்ற காத்தை மட்டும் மாத்தலை. உன் அம்மா விடியறதுக்குள்ளே லாரித் தண்ணிக்கு நின்னு, அப்புறம் ஆழ்வார்பேட்டை சூடாமணியம்மா வீட்டுக்குச் சமைக்கப் போய், பொழுது சாய்ஞ்சு வர்றாள். குதிகால் ரெண்டும் வெடிச்சுக் கிடக்கு. எண்ணெய் தேய்ச்சு விடவான்னு கேட்டா, உன் தோளுக்கு முதல்ல தேய்ச்சுக்கோய்யான்னு எரிஞ்சு விழுறாள். கிழவன் கிழவின்னு இன்னும் யாரும் சொல்லலை, ஆனா உடம்பு சொல்ல ஆரம்பிச்சிடுச்சும்மா.

உன் கடிதாசி வந்த அன்னிக்கு உன் அம்மா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்னு சத்தமாப் படிச்சேன். மாசமா இருக்கேன், முதல் பிரசவம் தாய் வீட்டில்தான் பார்க்கணும்னு இருக்கு, ஆனா அம்மா தன் வாயால் கூப்பிட்டால்தான் வருவேன், நீங்க கூப்பிட்டா வரமாட்டேன்னு நீ எழுதியிருந்தியே, அந்த இடத்தை ரெண்டு தடவை படிச்சேன். அவள் கை நின்னுச்சு, அப்புறம் மறுபடி ஆய ஆரம்பிச்சாள். யாருக்குப் படிக்கிற, மீனுக்கா, அது செத்துப் போச்சுய்யான்னு சொல்லிட்டு உள்ளே போயிட்டாள். நீ எங்களுக்குச் சொல்லாமல் ராயப்பனோடு ரிஜிஸ்தர் ஆபீசில் மாலை மாத்திக்கிட்ட நாளிலிருந்து இந்த ரெண்டு வருஷமா உன் பேர் அவள் வாயிலிருந்து வரலை. உனக்கும் தெரியும். கோபம்னா கூட நான் சமாதானம் பண்ணிடுவேன், இது அதுவும் இல்லை, ஒரு கதவைச் சாத்திட்டுச் சாவியை எங்கே வெச்சோம்னு மறந்துட்ட மாதிரி ஒரு முகம்.

அதே கடிதாசியில் நீ இன்னொண்ணு எழுதியிருந்த. போன் பண்ணிப் பாட்டுக் கேட்கிற அந்த டிவி நிகழ்ச்சி இங்கே வர்ற அதே நேரத்துக்கு மஸ்கட்லயும் டிஷ்ஷில் வருது, வெள்ளிக்கிழமை லீவுங்கிறதால கட்டடத்துத் தமிழ்ச் சனம் எல்லாம் உட்கார்ந்து பார்க்கிறோம்னு. எனக்கு அங்கேதான் ஒரு யோசனை. அந்த நிகழ்ச்சியை நடத்துற பொண்ணுக்குப் போன் போட்டு, பட்டினப்பாக்கம் சுப்பம்மா தன் மகள் வைதேகிக்காகக் கேட்கிற பாட்டுன்னு உன் அம்மா பேரில் சொல்லிட்டா, நீ நம்பி மூட்டையைக் கட்டிடுவேன்னு நினைச்சேன். பொய்தான். சிலிண்டர் சுமக்கிறவன் ஒரு பொய்யைச் சுமக்க மாட்டானா.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்குக் குடோனில் காலி சிலிண்டர் இறக்குற வேலை. சனிக்கிழமை மத்தியானமும் நம்ம ஹமீதுன்னிசா எஸ்டிடி பூத்து டிவியில் அந்த நிகழ்ச்சி வரும். சரின்னு அங்கேயே நின்னு அதைப் பார்த்துக்கிட்டே போன் அடிச்சேன். மணி அடிக்குது, எடுக்கலை. டிவியில் அந்தப் பொண்ணு சேலத்துக்காரன்கிட்ட பேசுறா, கரூர்க்காரிகிட்ட சிரிக்கிறா, என் போனை மட்டும் தொடலை. அம்மா தாயே, அந்த ஆளை வெச்சுட்டு இதை எடும்மான்னு டிவியைப் பார்த்துக் கெஞ்சினேன். லட்சம் பேர் அடிப்பாங்க அண்ணே, பொறுமையா அடின்னு ஹமீதுன்னிசா தைரியம் சொன்னாள். அவள் வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு பூத்தைச் சாத்திட்டுப் போயிடுவாள், அதனால அவளுக்கும் விஷயம் தெரியலை. இப்படியே வாரா வாரம் சோத்தை விட்டுட்டு நின்னேன். காலை வேலை முடிச்ச கையோடு நின்னு நின்னு காலும் மரத்துப் போச்சு, மனசும் மரத்துப் போச்சு.

சனிக்கிழமைன்னா உன் அம்மாவுக்கு அரை நாள் வேலைதான். போன வாரச் சனிக்கிழமை லாரியும் மத்தியானம்தான் வந்துச்சு, அவள் இடுப்பில் குடத்தோட பூத்து வாசலில் வந்து நின்னாள். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள். யோவ், இன்னாத்துக்கு அந்தப் போனைப் போட்டுக் கொல்ற, இந்தப் பச்சைச் சேலையை அவ நேத்தே கட்டிக்கினு வந்துட்டா, சூடாமணியம்மா வூட்ல கீரை ஆய்ஞ்சுக்கினே பார்த்தேன், நேத்துப் பேசிட்டுப் பூட்டவ இன்னிக்கு எப்படிய்யா போனை எடுப்பான்னு கேட்டாள். வெள்ளிக்கிழமை வந்ததைத்தான் சனிக்கிழமை மறுபடி போடுறாங்களாம், பார்க்காம விட்டவங்களுக்காக. ஹமீதுன்னிசா சிரிச்ச சிரிப்பில் பக்கத்து டீக்கடையே எட்டிப் பார்த்துச்சு. எப்போலிருந்து உனக்குத் தெரியும்னு கேட்டேன், மொத வாரத்துல இருந்தேன்னாள். யாருக்குய்யா அடிக்கிறன்னு கேட்டாள். உன் பேரில் வைதேகிக்குப் பாட்டுக் கேட்கத்தான்னு உண்மையைச் சொல்லிட்டேன். முகம் சிவந்து போச்சு. என் பேரை நீ எதுக்குச் சொல்ற, எனக்கு இன்னா வாய் இல்லியான்னு கத்திட்டு விறுவிறுன்னு போனாள். லாரித் தண்ணி பாதி தெருவிலேயே கொட்டிப் போச்சு, அதையும் திரும்பிப் பார்க்கலை.

முந்தாநேத்து வெள்ளிக்கிழமை நான் குடோனில் காய்ச்சல்னு சொல்லிட்டேன். அவள் சூடாமணியம்மாகிட்ட சொல்லிட்டுச் சீக்கிரமே வந்துட்டாள். ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கலை, பூத்து வாசலில்தான் பார்த்துக்கிட்டோம். ஹமீதுன்னிசா எங்களுக்காகச் சாவியை எடுத்துக்கிட்டு வந்து திறந்தாள். அடிக்க அடிக்க எங்கேஜ், விரலே வீங்கிப் போச்சு. கடைசியில் வணக்கம் யார் பேசுறீங்கன்னு அந்தப் பொண்ணு குரல். இத்தனை வாரமாப் பேசிப் பேசிப் பழகினதெல்லாம் எங்கே போச்சோ, கேஸ்ம்மான்னு கத்திட்டேன், சிலிண்டர் போடப் போற வீட்டு வாசலில் நின்னு கத்துவேனே அதே மாதிரி. அந்தப் பொண்ணு, சார் நாங்க கேஸ் கேட்கலியேன்னாள். உன் அம்மா ரிசீவரைப் பிடுங்கிட்டாள்.

யாருக்கும்மா பாட்டுன்னு கேட்டிச்சு அந்தப் பொண்ணு. பாட்டு கெடக்கட்டும் கண்ணு, மஸ்கட்ல என் பொண்ணு வைதேகி கீறா, அவ மாசமா கீறா, தாய் வூட்டுக்கு வந்துடச் சொல்லு, வூட்டுக்காரனையும் கூட்டிக்கினு வரச் சொல்லு, சோறு போடுறேன், அவன்கிட்ட பேசுறேனா இல்லியான்றது அப்பால பார்த்துக்கலாம்னு ஒரே மூச்சில் சொன்னாள். அவங்களுக்கு என்ன பாட்டும்மான்னு மறுபடி கேட்டிச்சு. உனக்குப் பிடிச்சதைப் போடு, நீயும் ஒருத்தி பெத்த பொண்ணுதானேன்னு சொல்லி வெச்சுட்டாள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துட்டாள்.

நீ பார்த்தியான்னு தெரியலை. பார்த்திருந்தா பூத்துக்குப் போன் வரும்னு காத்திருந்தோம், வரலை. சரி, நீ வெள்ளிக்கிழமை விட்டிருந்தா சனிக்கிழமை மறுபடி போடும்போது பார்ப்பேன்னு மனசைத் தேத்திக்கிட்டோம். நேத்து மத்தியானம் தெருவே பூத்தில் நின்னுச்சு. உன் அம்மா தலை வாரிப் பூ வெச்சுக்கிட்டு வந்தாள், டிவியில் இவள் முகம் தெரியப் போற மாதிரி. எங்களுக்கு முன்னாடி பேசின ஆள் வந்தான், எங்களுக்குப் பின்னாடி பேசின அம்மா வந்தாள். நாங்க வரலை. எங்களை வெட்டிட்டாங்க. பாட்டுக் கேட்காமல் வேற என்னமோ பேசினதால் இருக்கும். சனம் கலைஞ்சு போச்சு. நான் ஏதோ கேலி பேசிப் பார்த்தேன், அவள் சிரிக்கலை. வீட்டுக்கு வர்ற வழியில், அப்போ அவளுக்குத் தெரியாமலே பூடுமான்னு ரொம்ப மெதுவாக் கேட்டாள். அந்த ரெண்டு வருஷத்தில் கூட அவளை அவ்வளவு தளர்ந்து நான் பார்க்கலைம்மா.

அதனால்தான் மூணாவது வரைக்கும் படிச்ச இந்தக் கையால் இவ்வளவும் எழுதுறேன். அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் மேலே எழுதிட்டேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்காள். சோறு போடுறேன்னு சொன்னதை எழுதினியா, எங்கே படின்னு படிக்கச் சொல்லிக் கேட்டுக்கிட்டாள். இன்னொரு தடவை சொல்லு, புதுசா எழுதுறேன்னேன். ஊரே கேட்க ஒரு தடவை சொல்லியாச்சு, இன்னும் எத்தினி தடவைன்னு முறைச்சாள். கொஞ்சம் கழிச்சு, வந்துடச் சொல்லுய்யான்னாள்.

வந்துடும்மா. மாசம் ஏறிட்டா விமானத்தில் ஏத்த மாட்டாங்களாம், டாக்டர்கிட்ட சீட்டு வாங்கி வெச்சுக்கோ. சோப்பு, சென்ட்டுன்னு சுமந்துக்கிட்டு வராதே, இந்த வீட்டில் சுமக்கிறதுக்கு நான் ஒருத்தன் போதும். ஏசிக்கு நேரா படுக்காதேன்னு உன் அம்மா சொல்றாள். மாப்பிள்ளைக்கு மீன் குழம்பில் புளி எவ்வளவு வேணுமோன்னு தனக்குத்தானே முணுமுணுத்துக்கிட்டாள், இதை நான் எழுதினது அவளுக்குத் தெரியாது. நீங்க ரெண்டு பேரும், வரப்போறதும், நூறு வயசு நல்லா இருக்கணும். இந்தத் தடவை தன் பேரையும் போடச் சொல்றாள், அதுவும் எனக்கு மேலே.

இப்படிக்கு,
கூப்பிடுகிறவள் அம்மா சுப்பம்மா.
எழுதுகிறவன் அப்பா பஞ்சாட்சரம்.