பெங்களூர் வேலைக்குச் சரி சொல்லிவிடு

அனன்யா,

ரசம் அடுப்பின் மேல் இருக்கிறது. அப்பளம் மட்டும் பொரித்துக்கொள். பிளம்பர் வந்தால் சமையலறைக் குழாயைக் காட்டு. நான் சைதாப்பேட்டையில் அக்காவைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வருகிறேன். அதற்குள் பெங்களூருக்கு ஃபோன் செய்து, வேலையில் சேருவதாகச் சொல்லிவிடு.

“அவர் போனதும் மருமகளைத் துரத்தறேளாப்பா?” என்று நேற்று கேட்டாய். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நீ அறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் ஸ்ரீவத்சனும் பின்னாலேயே வருவான் என்று பார்க்கிறேன். பிள்ளை செத்து வருஷமாகப் போகிறது, இன்னும் பார்க்கிறேன். நான் உள்ளே நுழையும்போது நீயும் அப்படித்தான் பார்க்கிறாய். இரண்டு பேரும் இப்படியே இருக்க வேண்டாம்.

அப்பா

பி.கு.: வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகாதே. எப்போது வந்தாலும் மணி அடிக்காமல் திறந்துகொண்டு வா.