நாம் பஸ்ஸில் போட்ட சண்டைகள்

செவ்வாய்க்கிழமை காலை மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறியதும் கருவாட்டு நெடி முகத்தில் அடித்தது. விடியற்காலையில் கடற்கரையிலிருந்து கூடைகளோடு வந்து, செங்கல்பட்டில் இறக்கிவிட்டுத் திரும்புகிற வண்டி. கூடைகள் இறங்கினாலும் நெடி இறங்குவதில்லை. கைக்குட்டையை மூக்கருகே கொண்டுபோனேன். உடனே நீ பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து சிரிப்பது போலிருந்தது. "மூக்க மூடாதடி. ஸீன் எழுத வந்தியா, சென்ட்டு விக்க வந்தியா?" இதே வழியில், இதே நெடியில்தான் ஒருநாள் அப்படிக் கேட்டாய். கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

நீ போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. இந்த வாரம் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மனம் ஒரு நிலையில் இல்லை. ஆனாலும் வரிசையாகத்தான் சொல்வேன். நடுவில் புகாதே.

கேளம்பாக்கத்தில் குடியிருக்கிற ஓர் இயக்குநர் தன் படத்துக்கு என்னை வசனம் எழுதச் சொன்னார். நாற்பது வயதிருக்கும், மரியாதை தெரிந்தவர். அக்கா தங்கை கதை. தங்கை தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். பல வருடம் கழித்து அக்கா முட்டுக்காட்டிலிருந்து அவளுக்குப் போன் செய்கிறாள். அந்த ஒரு காட்சிக்காகத்தான் நான் ஒப்புக்கொண்டேன். எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"படிக்க நல்லாருக்கு மேடம். ஆனா எடுத்தா நிக்காது. ரெண்டு பேரும் ரொம்பத் தெளிவா பேசறாங்க. வெள்ளிக்கிழமை ஷூட். அதுக்குள்ள சரியா வரலன்னா தூக்கிடலாம். அக்கா கடலப் பாத்துகிட்டு நிக்கற மாதிரி வச்சு, மேல மியூசிக் போட்டுடலாம்."

கடலும் வயலினும். என் காட்சிக்குப் பதிலாக. வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்து மூன்று முறை திருத்தினேன். மூன்று முறையும் அக்காவும் நான், தங்கையும் நான். இரண்டு வாயிலும் என் நாக்கு. நீ இல்லாமல் எனக்கு எழுத வருமா வராதா என்ற கேள்விக்கு அந்தக் காகிதங்கள் பதில் சொல்லிவிட்டன என்றே நினைத்தேன்.

நாம் நாடகம் எழுதத் தொடங்கிய காலத்திலும் உன் புகார் இதேதான். நான் எழுதிக்கொண்டு வருவேன். நீ ஒரு பக்கம் படிப்பாய். "ஒன் ஆளுங்க அத்தினி பேரும் பல்லு வெளக்கி, தல வாரிகினு வந்து பேசறாங்கடி" என்பாய். கான்வென்ட்டில் நமக்கு ஒரே பெஞ்சு. சிஸ்டர்கள் என் உச்சரிப்பை மெருகேற்றினார்கள். கருங்குழி லாரிக்காரர் மகளான உன் உச்சரிப்பை ஐந்தாம் வகுப்போடு கைகழுவினார்கள். அது அவர்கள் நாடகத்துக்குச் செய்த உதவி.

பஸ் யோசனையும் உன்னுடையதுதான். எழுதிய காட்சியை மனப்பாடம் செய்துகொண்டு, மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறி, நிஜச் சண்டை போலப் பேசிப் பார்ப்பது. யாரும் திரும்பவில்லை என்றால் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும். திரும்பிப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தால் திருத்த வேண்டும். யாராவது வாயைத் திறந்து நடுவில் புகுந்தால்தான் காட்சி பாஸ். என் கணவர்கூட இதற்குப் பழகிப்போயிருந்தார். வீட்டில் நம் குரல் உயர்ந்தால் பேப்பரிலிருந்து தலை தூக்காமல், "இது நிஜமா, வேலையா?" என்று மட்டும் கேட்பார்.

அந்தக் கீரைக்கார அம்மாவை மறந்திருக்க மாட்டாய். மாமியாரை யார் வைத்துக்கொள்வது என்று இரண்டு ஓரகத்திகள் சண்டை போடும் காட்சி. நான் பெரிய மருமகள், நீ சின்னவள். திருக்கழுக்குன்றத்தில் நாம் இறங்கினால், அந்த அம்மாவும் கீரைக்கட்டோடு கூடவே இறங்கினாள்.

"வூடு எங்க கீது? நடங்க. அந்தக் கெயவி கையில நான் ஒரு வார்த்த பேசிட்டுப் போறேன்."

நம்மிடம் கிழவி ஏது? தெருமுனைவரை நடத்திக்கொண்டு போய்விட்டு நீதான் சொன்னாய். "யக்கா, கோச்சிக்காத. இது டிராமா."

அவள் கட்டைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "டிராமாவா? சரி. இருந்தாலும் பெரியவ பேசனது தப்புதான். அத்த மாத்திடு."

நான் மாற்றவில்லை. நீ ஊர் திரும்பும்வரை சிரித்துக்கொண்டே வந்தாய்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். பஸ்ஸில் ஏறிவிட்டேனே தவிர, யாரோடு சண்டை போடுவது? அதோடு இப்போது பாதிப் பேர் காதில் எதையோ செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தனியாகப் பேசினால், கிழவிக்கு மூளை பிசகிவிட்டது என்பார்கள். அதனால் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை. காட்சிதான் போன் காட்சியாயிற்றே, பொருந்தும் என்று எண்ணினேன்.

அக்காவின் வசனத்தைத் தொடங்கினேன். "நான் ஒண்ணும் கெஞ்சறதுக்குப் பேசல. பெரியவளுக்குக் கல்யாணம். சித்தின்னு ஒருத்தி இருக்காளாமே, வருவாளான்னு கேக்கறா. நான் அவளுக்கு என்ன சொல்லட்டும்?"

அடுத்தது தங்கையின் வசனம். நீண்ட வசனம், எனக்குப் பிடித்த வசனம். ஆனால் அதை நான் சொல்ல முடியாதே. போனின் மறுபக்கத்தில் இருப்பவள் பேசுவது பஸ்ஸுக்கு எப்படிக் கேட்கும்? அதனால் அவள் பேசி முடிக்கும் நேரம்வரை கேட்பதுபோல் சும்மா இருந்தேன்.

பக்கத்திலிருந்த பெண் என் பக்கம் சாய்ந்தாள். மடியில் காலி மீன் அன்னக்கூடை வைத்திருந்தாள். "இன்னா சொல்றா?"

நான் பதில் சொல்வதற்குள் முன் ஸீட்டுக்காரர் திரும்பினார். காதிலிருந்ததை எப்போது கழற்றினாரோ தெரியாது. "வர மாட்டாளாம். அம்மா மூஞ்சியப் பாத்தா தெரில?"

"நீ சும்மா இரு அண்ணாத்த. அவ அயுதுகினு கீறா. அதான் பேச்சு வரல."

"அயுவுறவளா இத்தினி வருசம் வராம இருந்தா? ரோசக்காரி. காசு எதனா பிரச்சனையாம்மா?"

"காசு இல்ல, மானம்" என்றாள் மீன்காரப் பெண், அவளுக்கு என்னவோ எல்லாம் தெரியும் என்பதுபோல. பிறகு என் முழங்கையைப் பிடித்தாள். "போன வச்சிடாத. பேசாம இரு. அவளே பேசுவா."

எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. நான் எழுதி எழுதிக் கெடுத்த தங்கையை இந்த இரண்டு பேரும் என் கண்ணெதிரே எழுதிக்கொண்டிருந்தார்கள். அவருக்கு ஒரு தங்கை, இவளுக்கு ஒரு தங்கை, இருவருமே என்னுடையவளைவிட உயிரோடு இருந்தார்கள். தங்கையின் குரல் படத்தில் கேட்கவே கூடாது. அக்கா முகம் மட்டும் போதும். வழக்கம்போல் திருக்கழுக்குன்றத்தில் இறங்க வேண்டியவள், மாமல்லபுரம்வரை வாய் மூடிப் போனைக் காதில் வைத்தபடியே போனேன். இறங்கும்போது மீன்காரப் பெண், "வருவா, போ" என்று சொல்லிவிட்டுத் தன் வழியில் போய்விட்டாள். பஸ் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்து தங்கையின் வசனம் முழுவதையும் கோடு போட்டு அடித்தேன். என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக எதையும் அடித்ததில்லை.

வெள்ளிக்கிழமை முட்டுக்காடு. கழிமுகத்தைப் பார்த்த ஒரு வீட்டு வராந்தா. இயக்குநர் காகிதத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி டயலாக் எங்க மேடம்?"

"இல்லை."

"அப்போ அந்தப் பக்கம் பேசறது யாரு?"

"பார்க்கிறவர்கள் பேசிக்கொள்வார்கள்."

அவர் நம்பவில்லை. ஆனால் இதற்குப் பதிலாகக் கடலையும் வயலினையும் வைக்க அவருக்கும் மனமில்லை போலும். "ஒரு டேக். வரலன்னா மாத்திடலாம்" என்றார்.

அக்காவாக நடிக்கிற பெண்தான் ஒரு கேள்வி கேட்டாள். "வெறும் போன்ல பேச எனக்கு வராது சார். லைன்ல யாராவது இருக்கணும். பேச வேணாம், மூச்சு விட்டா போதும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னைப் பக்கத்து அறையில் உட்காரவைத்து, போனைக் கொடுத்து, கதவைச் சாத்தினார்கள். பேசக்கூடாது என்று இரண்டு பேர் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கா சொல்ல வேண்டும்?

நமக்குள் எப்போதும் பெரியவள் நான்தான். பெரிய மருமகள், அக்கா, முதலாளியம்மா. சின்னவள் நீ. இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டதில்லை. இப்போது என் வசனங்கள் என் காதில் வந்து விழுந்தன. நன்றாகத்தான் இருந்தன. கொஞ்சம் அதிகாரம், கொஞ்சம் கெஞ்சல், கெஞ்சவில்லை என்ற பொய். இதையெல்லாம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு நீ எப்படிப் பொறுமையாகக் கேட்டாய் என்று வியந்தேன்.

"நான் அவளுக்கு என்ன சொல்லட்டும்?" என்று அந்தப் பெண் கேட்டாள். பிறகு காத்திருந்தாள். அவள் மூச்சு எனக்குக் கேட்டது. என் மூச்சு அவளுக்கும் கேட்டிருக்கும்.

கேட்ட கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள் என்பாய் நீ. சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவில்லை. பேசக்கூடாது என்பதும் நினைவில் இல்லை. இந்த வயதுவரை, வேடிக்கைக்குக்கூட, உன் பேச்சை நான் பேசியதில்லை. என் வாய் திறந்தது. வந்தது நீ.

"இன்னா கொயம்பு வச்சிகீற யக்கா?"

 மறுமுனையில் அந்தப் பெண் சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. "மீன்தான்" என்றாள். காகிதத்தில் இல்லாத வார்த்தை.  நெடுநேரம் யாரும் கட் சொல்லவில்லை.

கதவைத் திறந்துகொண்டு இயக்குநர் வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "ஓகே மேடம். இதான் டேக். வேற எடுக்கப் போறதில்ல." குரலைத் தாழ்த்தினார். "போன்ல என்ன சொன்னீங்க?"

"அது தங்கை சொன்னது. நீங்கள் கேட்கக்கூடாது" என்றேன்.

முட்டுக்காட்டிலிருந்து வீடு வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். கார் ஓட்டியவர் கண்ணாடியில் இரண்டு முறை என்னைப் பார்த்தார். வந்ததும் சாப்பிடக்கூட இல்லை, அடுத்த காட்சியைத் தொடங்கிவிட்டேன். கல்யாண வீட்டில் அக்கா தங்கை நேரில் சந்திக்கிற காட்சி. அக்கா ஒரு வரி பேசி முடிப்பதற்குள் தங்கை மூன்று வரி பேசுகிறாள். ஒன்றுகூடக் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. ஒருத்திகூடத் தலை வாரிக்கொண்டு வரவில்லை.

கொஞ்சம் மெதுவாகப் பேசு. எனக்கு வயதாகிவிட்டது, கை உன் வேகத்துக்கு ஓடவில்லை.