தகரம் போட்ட டயர்

சேசு மரி சூசை துணை

கோவிலூர், தர்மபுரி தாலுகா
14-9-1943

ஜபல்பூர் ராணுவ மோட்டார்ப் பட்டறையில் இருக்கும் என் மகன் ராஜப்பனுக்கு, உன் தகப்பன் சவுரியப்பன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதித்துச் சொல்வது. இங்கே நான், உன் அம்மா தங்கம்மாள், தங்கை ரோசம்மாள் மூவரும் உயிரோடு சுகம். உயிரோடு என்று ஏன் சேர்த்தேன் என்பது கீழே வரும், பதறாதே, எல்லாருக்கும் கை கால் இருக்கிறது, என் இடது மணிக்கட்டு மட்டும் வீங்கிக் கிடக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிட்டு, ஞாயிறு பூசை தவறாமல் கண்டு, வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு நடக்கிறாயா என்று அறிய ஆசை. எனக்கு எழுத்து தெரியாததால் வழக்கம்போல் நான் சொல்லச் சொல்ல ரோசம்மாள் எழுதுகிறாள். இன்றைக்கு என்னவோ சிரிப்புமில்லை பேச்சுமில்லை, காய்ச்சலோ என்று உன் அம்மா இரண்டு தடவை நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டாள். மழை சுமார், கேழ்வரகு முழங்கால் உயரம் வந்திருக்கிறது. எருமை ஈன்று மூன்று மாதமாகிறது, கன்று துள்ளுகிறது, ராஜப்பன் லீவில் வந்தால் சட்டி நிறையத் தயிர் என்று உன் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள், இப்போது சொல்வதில்லை.

இனி விஷயம். ஆடி மாதம் வத்தல்மலை அடிவாரத்துக் கல் பாதையில் நம் வாடகைக் காரின் முன் இடது டயர் பக்கவாட்டில் ஒரு விரல் நீளம் கிழிந்து உள்ளே இருக்கும் நூல் தெரிந்தது, அதை ஒட்டி ஓட்டலாமா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாமா என்று உன்னைக் கேட்டு எழுதச் சொன்னேன் அல்லவா. தர்மபுரியில் டயர் வேலை பார்க்கும் மாது அப்போதே, உள்ளே பழைய டயர்த் துண்டு வெச்சுத் தெச்சுத் தர்றேனுங்க, சந்தைக்குப் போக வர ஓடும், பாரம் ஏத்திக்கிட்டுத் தொப்பூர் இறக்கத்துல மட்டும் விட்றாதீங்க என்று அடித்துச் சொன்னான். தைத்தும் கொடுத்தான். எனக்கு அவன் பேச்சு ஏறவில்லை. இவன் நாலு ஊர் டயர் பார்த்தவன், என் மகன் பட்டாளத்து லாரி டயரெல்லாம் கழற்றி மாட்டுகிறவன், அவன் சொல்லட்டும் என்றிருந்தேன். சண்டை வந்ததிலிருந்து ரப்பருக்குப் பஞ்சம், பர்மிட் இல்லாமல் புது டயரைக் கண்ணால் பார்க்க முடியாது. அப்போதுதான் உன் பதில் வந்தது. ஓரம் பிளந்தால் என்ன, கெட்டியாகத்தான் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுங்கள், புதுசுக்கு அலைய வேண்டாம் என்று நீ எழுதியிருந்ததை ரோசம்மாள் படித்தாள். எனக்குத் தலைச்சுமையை இறக்கி வைத்தமாதிரி இருந்தது.

போன மாதக் கடைசியில் ஒரு நாள் காலையில் வத்தல்மலைக் கரியன் தன் பெண்சாதி முனியாயியை டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கினான். முதல் பிரசவம், பிள்ளை குறுக்கே கிடக்கிறது, சேலத்துக்குக் கொண்டு போனால்தான் பிழைக்கும் என்று சொல்லிவிட்டார்களாம். மாது சொன்னது எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை, வந்தது. என் மகன் சொல்லியிருக்கிறான் என்று அதை ஒதுக்கிவிட்டு அவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். தொப்பூர் இறக்கத்தில் வேட்டு வைத்தமாதிரி ஒரு சத்தம், ஸ்டீரிங் என் கையைப் பிடுங்கிக்கொண்டு இடப்பக்கம் இழுத்தது, பாறையில் உரசி நின்றோம். வலப்பக்கம் இழுத்திருந்தால் பள்ளம். முனியாயி கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. கரியன் இறங்கி வந்து டயரைப் பார்த்தான், மாது போட்ட தையல் பிரிந்து தொங்கியது. அவன் என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை. ஏனுங்க, எங்க உசுரு உங்க டயர விட மலிவாப் போச்சுங்களா என்று மெதுவாகக் கேட்டான். பின்னால் வந்த ஒரு லாரிக்காரர் அவர்களை ஏற்றிக்கொண்டு போனார். சேசுநாதர் கிருபை, சேலம் ஆசுபத்திரியில் வயிற்றை அறுத்து எடுத்தார்கள், பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். நான் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். வீட்டுக்கு விடும் நாளில் நானே வந்து கூட்டிப் போகிறேன், வாடகை ஒன்றும் வேண்டாம் என்றேன். ஒட்டுப் போட்ட சக்கரத்துல எம்புள்ளய ஏத்த மாட்டேனுங்க, புதுசு போட்டுக்கிட்டு வந்தீங்கன்னா ஏர்றோம், இல்லாட்டி நாங்க எப்படியோ போயிக்கறோம் என்றான். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. வருகிற வாரக் கடைசியில் அவர்களை அனுப்புகிறார்கள். அதற்குள் புது டயரோடு போய் அந்த ஆசுபத்திரி வாசலில் நிற்காவிட்டால் இந்த ஜில்லாவில் நான் காரோட்டி என்று சொல்லிக்கொள்ள முடியாது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டிப் பர்மிட் வாங்கிவிட்டேன், டயர் வாங்கப் பணத்துக்குத்தான் வழி தேடிக்கொண்டிருக்கிறேன், கார் கல்லின்மேல் நிற்கிறது.

ராஜப்பா, இதற்காக நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. உன் மேல் குற்றமில்லை. தொட்டுத் தடவிப் பார்த்துச் சொன்னவனை விட்டுவிட்டு எங்கோ தூரத்தில் இருப்பவனைக் கேட்டது என் புத்தி. நீ எழுதித்தான் ஓட்டினேன் என்று மாதுவிடம்கூடச் சொல்லவில்லை, என் துணிச்சல்தான் என்றேன். உன் பேர் கெட வேண்டாம்

அண்ணா, இங்கிருந்து ரோசம்மாள் எழுதுகிறேன். மாது வந்து கூப்பிட்டதால் அப்பா பாதியில் எழுந்து காரடிக்குப் போயிருக்கிறார். உன் பேர் கெட வேண்டாம் என்று அவர் சொன்னபோது என் கை நின்றுவிட்டது, மேலே ஒரு சொட்டு மை விழுந்திருக்கிறதே, அது அப்போது விழுந்ததுதான். நீ டயரைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. டயர் கிழிந்ததே உனக்குத் தெரியாது. ஏனென்றால் நான் டயர் என்று எழுதவே இல்லை, தயிர் என்று எழுதினேன்.

விளையாட்டுக்குத்தான். அன்றைக்கு அப்பா டயர் டயர் என்று பதினெட்டு தடவை சொன்னார், நான் எண்ணினேன். டகரத்துக்குப் பதில் தகரத்தைப் போட்டு யகரத்துக்கு ஒரு கொக்கியும் மாட்டினால் சக்கரத்தில் கிடப்பது சட்டிக்குள் வந்துவிடுகிறதே என்று தோன்றியதும் எனக்குக் கை நிற்கவில்லை. நம் தயிர் ஓரம் பிளந்து போயிற்று, இதையே வைத்து ஓட்டலாமா, கொட்டிவிட்டுப் புதுசுக்கு வழி பார்க்கலாமா என்று எழுதினேன். கல் பாதையையும் நூலையும் மாதுவையும் விட்டுவிட்டேன், அவையெல்லாம் வந்தால் தயிர் தாங்காது. பட்டாளத்துக் கடுதாசிகளை வழியில் பிரித்துப் படிக்கும் தணிக்கைத் துரைக்கும் மண்டை குழம்பட்டும் என்று ஒரு சந்தோஷம் வேறு. நீ படித்துச் சிரித்துவிட்டு, அடி கழுதை, டயரா என்று பதில் போடுவாய், அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டி நாலு திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். நீ நம்பிவிட்டாய். ஓரம் பிளந்தால் என்ன, கெட்டியாக உறைந்திருக்கிறது என்றுதான் அர்த்தம், ஒரு கல் உப்புப் போட்டு இன்னும் ரெண்டு நாள் ஓட்டுங்கள், புதுசுக்கு அலைய வேண்டாம், எனக்கு இங்கே அதுவும் கிடையாது என்று எழுதியிருந்தாய். அப்பா எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், டயர் என்று வந்துவிட்டது. உப்பை நான் விழுங்கினேன். ரெண்டு நாளைக் கொஞ்ச நாள் ஆக்கினேன். அப்பா முகம் அப்படி மலர்ந்தது அண்ணா, அதற்கப்புறம் சொல்ல முடியவில்லை, ஒன்றும் ஆகாது என்று இருந்துவிட்டேன்.

கார் ஹாரனுக்குள் மாவைப் போட்டு மணியக்காரர் மூஞ்சியில் ஊத வைத்தவள் நான், அதற்கு முதுகில் இரண்டு விழுந்ததோடு சரியாகிவிட்டது. இதற்கு யார் அடிப்பார்கள்? போன சனிக்கிழமை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது பொய் சொன்னேன் சாமி என்றேன், எத்தனை பொய் என்றார், ரெண்டு எழுத்து சாமி என்றேன், அவருக்கு விளங்கவில்லை, விளக்க எனக்குத் தைரியமில்லை. என் பேரில் ரோசம் இருக்கிறது, என்னிடம்தான் இல்லை. அப்பா பேரில் சவுரியம் இருக்கிறது, அவருக்குத்தான் நான் வைக்கவில்லை. பார், அழுதுகொண்டு எழுதும்போதும் இப்படித்தான் வருகிறது, எனக்கே என் கையைப் பார்த்தால் அருவருப்பாக இருக்கிறது. அப்பா வருகிறார். உறையில் போடுமுன் முதலிலிருந்து படித்துக் காட்ட வேண்டும் என்பது அவர் சட்டம் என்று உனக்குத் தெரியும். இந்த இடத்தைத் தாண்டிப் படிக்க எனக்கு நன்றாக வரும்.

அண்ணா, தாண்டவில்லை. எல்லாவற்றையும் படித்துவிட்டேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அடிப்பாவி, வயித்துப் புள்ளயோட அந்தப் பொண்ணு உக்காந்திருந்தாளேடி என்று தலையில் அடித்துக்கொண்டாள். இனிமே கடுதாசி வந்தா இவ கையில குடுக்காதீங்க, தபால்கார வெங்கடாசலத்தையே படிக்கச் சொல்லுங்க என்றாள். அப்பா வீங்கிய மணிக்கட்டை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம், பெத்தவன் உசுரப் பத்தி நெனைக்காம இந்தப் பய ஓட்டுன்னு எழுதிட்டானேன்னு ரெண்டு வாரமா எனக்கு உள்ள அரிச்சுக்கிட்டே இருந்துச்சு, உம்மேல குத்தமில்லன்னு சொன்னது வெறும் வாய்தான், அதயும் எழுது, அவனச் சந்தேகப்பட்டதுக்கு வெக்கமா இருக்குன்னு எழுது என்றார். எழுதிவிட்டேன். அதை எழுதும்போது மணியக்காரர் வீட்டு முன்னால் என்னை நிறுத்தி அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

பிறகு அப்பா ஒரு கரித்துண்டை எடுத்து என் கையில் கொடுத்து, டயருக்கு எது, தயிருக்கு எது, காட்டு என்றார். தரையில் எழுதிக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, தயிரோடது வளஞ்சு சுழிச்சுக்கிட்டுப் போவுது உன்னாட்டம், டயரோடது நேரா எறங்கி நேராப் போவுது, நல்ல எழுத்து என்றார். அம்மாவைப் பார்த்து, வெங்கடாசலம் எதுக்கு, அவளே படிக்கட்டும், இந்த எழுத்து வர்ற எடத்துல நான் வெரல வெச்சுப் பாத்துக்கறேன் என்றார். அம்மா வெளியே போய் எருமையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டு நின்றாள். சந்தைக்கு ஓட்டிடலாங்க, கன்னுக்குட்டியோட போனாத்தான் கேப்பாங்க என்று அங்கிருந்தே சொன்னாள். நான் டயரைத் தயிராக்கினேன், அம்மா தயிரை டயராக்குகிறாள்.

இனி அப்பா சொல்வது. ராஜப்பா, ஒட்டுவதா புதுசா என்ற பேச்சு முடிந்தது, புதுசுதான். எருமை போன பிறகு நீ லீவில் வந்தால் வீட்டில் தயிர் இருக்காது, முகம் சுளிக்காதே, உன் அம்மா தாங்க மாட்டாள். அங்கே பட்டறையில் உன்னை யார் யோசனை கேட்டாலும் கையால் தொட்டுப் பார்க்காமல் சொல்லாதே. தங்கையைக் கோபித்து எழுதாதே, அவள் இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, ஏன் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. சேசுநாதரும் தேவமாதாவும் உன் தலைமாட்டில் இருந்து காக்கட்டும், சண்டை ஓய்ந்து நல்லபடியாக வா. பதிலில் டயர் என்ற வார்த்தையை மட்டும் மற்றதைவிடப் பெரிதாக எழுது, எனக்குக் கண்ணும் சுமார்.

இப்படிக்கு உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
தகப்பன் சவுரியப்பன்

கீழே இருப்பது அப்பா தன் கையால் போட்ட எழுத்து. முதலில் தலைகீழாகப் போட்டார், நான் சிரிக்கவில்லை.

ட