மாடு கட்டின கல்

கார்பன் தாளின் வாசனை அப்படியே இருக்கிறது. மஞ்சள் பையிலிருந்து மனுவின் நகலை எடுத்தபோது உன் மேசைக்குப் பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே, புங்க மரத்தடியில், கால் ஆடும் உன் மடக்கு மேசை. அந்தக் காலுக்கு அடியில் நீ வைத்திருந்த ஓட்டுச் சில்லு. எல்லாம் ஞாபகம் வந்தது. அழுகை வரவில்லை. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, இன்னும் வரவில்லை.

இதை எழுதுவது நான்தான். யாரிடமும் சொல்லி எழுதவில்லை. நாலு வரி எழுத ஒரு காலைப் பொழுது போகிறது. விரல் வலித்தால் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன். எழுபத்து மூன்று வயதில் எனக்கு எழுத்து வந்துவிட்டது. நம் ஊர்ப் பெண் ஒருத்தி பட்டம் படித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். அவள்தான் சாயங்காலத்தில் எங்கள் ஒன்பது பேருக்குச் சொல்லித்தருகிறாள். பால்வாடி நடக்கிறதே, அந்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில்தான் எங்கள் வகுப்பும். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு அவர்களுடைய பாயிலேயே நாங்கள் உட்காருகிறோம். ஒருநாள் பஸ் நெற்றியில் ‘வேங்கிக்கால்’ என்று இருந்ததை நானே படித்துவிட்டேன். சத்தமாகச் சிரித்தேன் போலிருக்கிறது. கண்டக்டர், “இன்னா பெரியவரே, லாட்டரியா?” என்று கேட்டார். அதற்குமேல், என்றேன்.

இந்தத் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன். நீ திட்டுவாய் என்று தெரியும். இது உனக்கு எழுதுவது, சர்க்காருக்கு இல்லை. அதனால் போட்டேன்.

உன்னிடம் மனு எழுத வருகிறவர்கள் முதலில் கேட்பது அந்தச் சுழியைத்தான். “மேல ஒரு சுழி போட்டுடுங்க சார், காரியம் நல்லபடியா முடியணும்.” நீ பேனாவை மூடி வைத்துவிடுவாய். “பிள்ளையாருக்கு மனு எழுதணும்னா கோயிலுக்குப் போம்மா. கலெக்டருக்குனா இங்க உக்காரு” என்பாய். பாதிப் பேர் எழுந்து பக்கத்து மேசைக்குப் போய்விடுவார்கள். அந்த ஆள் சுழி போட்டு, அதற்குக் கீழே இரண்டு கோடும் இழுத்து, அதன்மேல் விபூதியும் தடவித் தருவார். நீ அதற்காக வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. கறுப்புச் சட்டைகூட நீ போட்டதில்லை. வெயிலுக்கு வேர்க்கும் என்பாய்.

நான் மாதம் தவறாமல் மலை சுற்றுகிறவன். பௌர்ணமிக்கு மறுநாள் காலில் கொப்புளத்தோடு உன் மேசைக்கு வந்தால், வழியில் தண்ணீர் வைத்திருந்தார்களா, கக்கூஸ் திறந்திருந்ததா என்று என்னையே விசாரிப்பாய். சாமி இல்லை என்கிறவனுக்கு இந்தக் கவலை எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். “அத்தனை ஜனம் நடக்குது. தண்ணி வைக்கிறது பக்தி இல்ல பெருசு, நிர்வாகம்” என்றாய். அப்புறம், அன்றைக்கு நம் ஊருக்கு வரவேண்டிய பஸ் வந்ததா என்று கேட்டாய். வரவில்லை என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவன் எப்படிப் போவான், அவனும் ஜனம்தானே என்றாய். மலை சுற்றுகிறவனுக்கு ஒரு கண்ணும் சுற்றாதவனுக்கு ஒரு கண்ணும் சர்க்காருக்கு இருக்கக் கூடாது என்பாய். எனக்கு அப்போது அது பாதிதான் விளங்கியது. என்னைவிட ஆறு மாதம் சின்னவன் என்பதால் கடைசி வரைக்கும் என்னைப் பெருசு என்றே கூப்பிட்டாய்.

அந்த மனுவுக்கு வருகிறேன்.

என் நிலத்தை ஒட்டி இருக்கும் நாலு சென்ட் புறம்போக்கில் பால்வாடிக்குக் கட்டடம் கட்ட உத்தரவு வந்திருந்தது. அங்கே ஒரு வேப்ப மரம். மரத்தடியில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கல். அது நான் மாடு கட்டின கல். என் அப்பா நட்டார். என் செவலை அதில் முதுகைத் தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கம் வழவழப்பாகிவிட்டது. அந்தக் கல்லில் சாய்ந்து உட்கார்ந்து நீயும் நானும் வேர்க்கடலை தின்றிருக்கிறோம். செவலையை விற்ற பிறகு கல் சும்மா கிடந்தது. கட்டட உத்தரவு வந்த அந்த ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நான் வயலுக்குப் போனால் கல்லுக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, சிவப்புத் துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் ஒரு சூலம். ஊர் விழாக் குழுவினர் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு சொம்பு கொடுத்தார்கள். குடித்தேன்.

அதைக் கேட்டதும் நீ மனு எழுதினாய். பக்கத்து நிலத்துக்காரன் என்பதால் என் ரேகையும் வேண்டும் என்றாய். யாராக இருந்தாலும் எழுதியதைப் படித்துக் காட்டாமல் நீ ரேகை வாங்க மாட்டாய். அன்றைக்கு நான்தான் நிற்கவில்லை. பஸ் வந்துவிடும், நீ எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிக் கட்டைவிரலை அழுத்தினேன். மையைத் தலைமுடியில் துடைத்தேன். “உன் தலை நரைக்காததுக்கு சர்க்கார் மைதான் காரணம்” என்று சிரித்தாய். கார்பன் நகலை என் பையில் திணித்தாய். யாரையாவது படிக்கச் சொல்லிக் கேள் என்றாய். நான் கேட்கவில்லை. அந்த மனுவை ஊரில் யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வது?

அந்த வாரமே விழாக் குழுவினர் என் வீட்டுக்கு வந்தார்கள். என் வீட்டுக்காரி அப்போது காய்ச்சலில் படுத்திருந்தாள். உன் மனுவில் சாமியே இல்லை என்றும், கல்லை உடைத்துப் போடச் சொல்லியும் எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். நான் நம்பிவிட்டேன். நீ டீக்கடையில் பேசுவதைக் கேட்டவன் யாராக இருந்தாலும் நம்புவான். அவர்கள் ஒரு தாளை நீட்டினார்கள். என் வீட்டுக்காரி கட்டிலில் இருந்தபடியே, “எதுக்குங்க வம்பு, வெச்சிக் குடுத்துடுங்க” என்றாள். வைத்தேன். காலம் காலமாக எங்கள் முன்னோர் கும்பிட்ட சாமி என்று அதில் எழுதியிருந்ததாம். பிறகுதான் தெரிந்தது. ஒரே விரல், இரண்டு மனு.

விசாரணை நாள் உனக்கு மறந்திருக்காது. அதிகாரி ஜீப்பில் வந்தார். நில அளவைக்காரர் நாடாவோடு இறங்கினார். வேப்ப மரத்துக்கு நாலடி முன்னால் அதிகாரி நின்றார். குனிந்து ஷூவைக் கழற்றினார். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். உடனே அளவைக்காரர் கழற்றினார், தலையாரி கழற்றினார், நானும் கழற்றினேன். நீ மட்டும் செருப்போடு நின்றாய்.

“செருப்பைக் கழட்டுய்யா” என்று கூட்டத்திலிருந்து ஒருவன் சொன்னான்.

“அளக்க வந்த எடத்துல எதுக்குப்பா கழட்டணும்? முள்ளு கெடக்குது” என்றாய். இரண்டு பேர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை.

அவர் என் ரேகை இரண்டு தாளிலும் இருப்பதைக் காட்டினார். எது உண்மை என்று அதட்டவில்லை. தன்மையாகவே கேட்டார். “பெரியவரே, இந்த சாமி எவ்ளோ நாளா இங்க இருக்குது?”

என் காலுக்கடியில் மண் சுட்டது. கல்லின் வழவழப்பான பக்கம் எனக்கு நேராக இருந்தது. மஞ்சளுக்கு அடியிலும் தெரிந்தது.

“ரொம்ப நாளாங்க” என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். நாடாவைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு போனார்கள்.

திரும்பி நடக்கும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நீயாகத்தான் பேசினாய். “அவரு செருப்பைக் கழட்டுனப்பவே தீர்ப்பு எழுதியாச்சு பெருசு. நீ சொன்னது அப்புறம்.” அவர் வீட்டில் எந்தச் சாமியை வேண்டுமானாலும் கும்பிடட்டும், நாடாவைப் பிடித்துக்கொண்டு வரும்போது அவர் எல்லாருக்கும் பொது என்றாய். நான் பயந்தது தப்பில்லை, அந்தப் பயத்துக்கு சர்க்கார் முத்திரை குத்தியதுதான் தப்பு என்றாய். கடைசியில் மலைப் பக்கம் கையைக் காட்டினாய். “உன் சாமிக்கு மலையே இருக்குது. புள்ளைங்களுக்கு நாலு சென்ட்டு கேட்டேன்.”

அதோடு விட்டுவிட்டாய். அதற்குப் பிறகு ஆறு வருஷம் பழகினோம், ஒரு தடவைகூட அதைப் பற்றிக் கேட்கவில்லை. நீ கேட்டிருக்கலாம்.

நீ இறந்த அன்று ஒரு பூமாலை வாங்கிக்கொண்டு வந்தேன். உன் மகள் வாசலிலேயே என் கையைப் பிடித்து, “மாமா, மாலை, சடங்கு எதுவும் வேணாம்னு அப்பா எழுதி வெச்சிருக்கார்” என்றாள். உன் உடம்பை மெடிக்கல் காலேஜ் வண்டியில் ஏற்றினார்கள். வாய்க்கரிசி இல்லை, நெருப்பு இல்லை, தலை முழுகவும் இல்லை. கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மாலையோடு வீட்டுக்கு வந்து ஆணியில் மாட்டினேன். வாடி, காய்ந்து, ஒருநாள் நாரோடு கீழே விழுந்தது. பெருக்கிப் போட்டேன். அப்போதும் எனக்கு ஒன்றும் இல்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி இருக்கிறது. நடக்க முடிகிறது, தரை மட்டும் தெரியவில்லை.

இப்போது அந்தக் கல்லுக்குத் தகரக் கூரை, கம்பிக் கதவு, உண்டியல், ஒலிபெருக்கி எல்லாம் வந்துவிட்டன. போன மாதம் புதிதாக ஒரு போர்டு மாட்டினார்கள். வகுப்பு முடிந்து வரும்போது அதற்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டினேன். ‘பல நூறு ஆண்டுகள் பழமை வாய்ந்த’ என்று இருந்தது. படிக்க முடிந்ததே என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு அடி நடந்த பிறகுதான் உறைத்தது. நான் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் பொய் அது. அதைச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அன்றைக்குத்தான் மஞ்சள் பையை எடுத்தேன். உன் மனுவைப் படிக்க மூன்று நாள் ஆனது. உன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறது. எந்த வரியில் சாமி இல்லை என்று எழுதியிருக்கிறாய் என்று விரல் வைத்துத் தேடிக்கொண்டே போனேன். இல்லை. உடைக்கச் சொன்ன வரியும் இல்லை. ‘மேற்படி கல்லை வணங்க விரும்புவோரின் மனம் புண்படாதவாறு, அவர்கள் காட்டும் இடத்தில் அதை மரியாதையுடன் வைத்துவிட்டு, குழந்தைகளுக்கு உரிய இடத்தை அளந்து தர வேண்டுகிறோம்’ என்று இருந்தது. அதற்குக் கீழே, ‘பக்கத்து நிலத்துக்காரர் மலை சுற்றும் பக்தர். அவரைச் சாட்சி கேட்டால் அவர் மனம் நோகாமல் கேட்கவும்’ என்று எழுதியிருந்தாய்.

அந்த வரியைப் பத்துத் தடவைக்கு மேல் படித்திருப்பேன். எழுத்து எல்லாம் விளங்கியது. எனக்குள் மட்டும் ஒன்றும் அசையவில்லை. எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து மறுபடியும் படித்தேன்.

கொட்டகைக்காரர் இடத்தை விற்கிறார். சித்திரைக்குள் பால்வாடி காலி செய்ய வேண்டும். வேறு இடம் கிடைக்காவிட்டால் பிள்ளைகள் ரோட்டைத் தாண்டி அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும் என்கிறார்கள். அதில் பாதி, இடுப்பில் தூக்க வேண்டிய பிள்ளைகள்.

அதனால் நான் மனு எழுதியிருக்கிறேன். என் மகன் வேண்டாம் என்கிறான். “இந்த ஊர்லயே இருக்கணும்பா நாம” என்கிறான். அவன் சொல்வதும் நிஜம்தான். கோயிலில் எனக்குத் தரும் பங்குக் கூழ் இந்த ஆடியோடு நிற்கும். பேச்சும் நிற்கலாம். எனக்கும் பயம் போகவில்லை. நான் உன் பக்கம் வந்துவிட்டேன் என்று நினைக்காதே. வருகிற பௌர்ணமிக்கும் மலை சுற்றத்தான் போகிறேன். அந்தக் கல்லுக்கு முன்னால் போனால் இன்னும் கை தானாகக் குவிகிறது. அது குவியட்டும்.

மனுவில் ஐந்து வரிதான். அந்தக் கல் என் அப்பா நட்டது. நான் மாடு கட்டினது. மஞ்சள் பூசி ஏழு ஆடி ஆகிறது. விசாரணையில் நான் சொன்னது பொய். அதை நல்லபடியாக எடுத்து வைக்க என் நிலத்திலேயே இடம் தருகிறேன், நாலு சென்ட்டைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவும். ஐந்து வரிக்கு நாலு தாள் வீணாகியது. அதில் ஒரு தாளில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. தலையில் என்னையறியாமல் சுழி போட்டுவிட்டேன், அதனால் கிழித்தேன். இப்போது கையில் இருக்கிற தாளில் மேலே வெறுமையாக இருக்கிறது. அந்த இடத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

திங்கட்கிழமை வேங்கிக்காலுக்குப் போகிறேன். உன் மரத்தடியில் இப்போது இளநீர் வண்டி நிற்கிறது. மேசை இல்லாததால் மனுவை வீட்டிலேயே முடித்துவிட்டேன். அடியில் என் பெயரை எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாக, கோடு தாண்டாமல். எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு, கட்டைவிரலைத் தலைமுடியில் துடைத்தேன். அதில் மை இல்லை.