ஒரு முழத்துக்குக் கீழே

என் உயிரான அண்ணே,

இதை வலது கையால் எழுதுகிறேன். நீ போன பிறகு, பிறர் கண்ணில் படும் எதையும் இடது கையால்தான் கிறுக்குகிறேன். அரிசி அட்டையில் என் பெயர் கோழி கிளறியது போல இருக்கிறது. காரணம் உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும்.

விவசாய ஆபீசில் மண் சோதிக்கக் குழி தோண்டியவன் நீ. எச்சில் தொட்டு உருட்டியே மண்ணின் குணத்தைச் சொல்லிவிடுவாய். அதை ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி எழுதித் தன் பெயரைப் போட்டுக்கொள்வார்.

ஜப்பான்காரன் வருமுன் துரை கப்பலேறி ஓடினார். உன்னைப் பற்றி நினைக்கவில்லை. அவர் விட்டுப்போன இங்கிலீஷ் புத்தகத்தை நீ டத்தோ கிராமாட்டில் இருந்த நம் வீட்டுக்குத் தூக்கி வந்தாய். அதில், தென்துருவத்தில் மழையில்லாமல், பனியும் தங்காமல் காய்ந்து கிடக்கும் பள்ளத்தாக்குகள். நான் தமிழில் சொல்லச் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய்.

"இதை எழுதினவன் குழிக்குள்ள இறங்கலடா தம்பி. அந்த மண்ணு எப்படி இருக்கும்னு நான் சொல்றேன், எழுது."

மண்வெட்டி பட்டு உன் வலது கையில் கட்டு. அதனால் நான் எழுதினேன். ஆபீசில் மிஞ்சிய தாள். தலையில் 'பாலிக் புலாவ்' என்று ஆபீஸ் இருந்த ஊரின் பெயர் அச்சடித்திருந்தது.

"பேரை அடிச்சிரவா அண்ணே?"

"விடு லா. பாலிக் புலாவுல பனிக்கட்டின்னா எவன் நம்புவான்?"

நீ சொன்னது இது: வேர் இல்லை. புழு இல்லை. மேலே பொடிக்கல், கல்லுக்கு அடியில் வெள்ளை உப்பு. உருட்டினால் ஒட்டாத மணல். ஒரு முழத்துக்குக் கீழே கெட்டி, கடப்பாரை இறங்காது.

அந்தக் கெட்டிதான் பனிக்கட்டி என்பது அடுத்த வரி. அதற்குள் தாள் முடிந்தது. வேறு தாள் எடுக்க நீ ஆபீசுக்குப் போனபோது, கிராணி அந்த எழுதிய தாளை உன் பையிலிருந்து எடுத்து ஜப்பான்காரனிடம் கொடுத்தார்.

பாலிக் புலாவில் ஒரு முழத்துக்குக் கீழே கெட்டியாக என்ன? துப்பாக்கிப் பெட்டியா என்று அவர்களுக்குச் சந்தேகம். நம் இருவரையும் லாரியில் ஏற்றிப்போய் ஜாதிக்காய்த் தோட்டத்தில் தோண்ட வைத்தார்கள். சிவப்பு மண்தான் வந்தது.

"யார் எழுதினது?" என்றான் மொழிபெயர்ப்பாளன். நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான். கை நல்லா இருந்தப்ப," என்றாய், என்னைத் திரும்பிப் பார்க்காமலே.

தென்துருவம் என்று விளக்கினாய். "குழி வெட்டுற கூலிக்குத் துருவம் கேக்குதா?" என்று சிரித்தான். அவனும் தமிழன்தான். உன்னை மட்டும் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் உன் சட்டை வந்தது.

ஒரு கூலிக்கும் இதெல்லாம் தெரிந்திருக்கும் என்று ஒருவனாவது நம்பியிருந்தால்? நான் ஒரு மூச்சு முந்தியிருந்தால்?

நேற்று கிராணி வந்தார். "ஆபீசுல எழுத ஆள் வேணும் தம்பி. ஒரு வரி எழுதிக் காட்டு." அவர் பார்வை என் வலது கையிலேயே இருந்தது. அந்தத் தாளில் இருப்பது என் வலது கை எழுத்து என்று தெரிந்துவிடாமல் இருக்க, இடது கையால் எழுதினேன். "அப்படியா," என்று தாளை மடித்து வைத்துக்கொண்டார். நாளைக்குத் தனியாக வரமாட்டார்.

நான் இன்றே கிளம்புகிறேன். எனக்குப் பதிலாகப் பிடித்துவைத்து அடிக்க வீட்டில் வேறு யாருமில்லை. அது ஒரு வசதி. எங்கே போகிறேன் என்று எழுதமாட்டேன். தாளில் ஓர் ஊரின் பெயர் இருந்ததால்தான் உன்னை இழந்தேன். போகிற வழியில் அரிசி வரிசையில் இந்தக் கடிதத்தைக் கைமாற்றிவிடுவேன். கிராணியின் கைக்கும் போகட்டும்.

இனி இடது கையால் எழுத மாட்டேன், அண்ணே. விட்டுப்போன வரி இதோ: ஒரு முழத்துக்குக் கீழே பனிக்கட்டி. சொன்னவன் நீ. எழுதியவன் நான்.

உன் வலது கையாக இருந்த
தம்பி