கேரி தீவு முச்சந்தியில் நான் சொன்ன சொல்

ஜன்னலைத் திறந்ததும் புகைமூட்டத்தின் வாடை முகத்தில் அடித்தது. எங்கோ காடு எரிகிறது. இந்த வாடை வந்தாலே எனக்கு உன் நினைவு வந்துவிடுகிறது. நாம் இருவரும் கடைசியாகச் சைக்கிள் எடுத்த ஞாயிற்றுக்கிழமையும் கோலாலம்பூரில் நம் பிரிக்ஃபீல்ட்ஸ் முழுக்க இப்படித்தான் மங்கிக் கிடந்தது. உனக்குப் போன் போட்டு, "இன்னைக்கு வேணாம்டி" என்றேன். நீ எந்த நாள் என் பேச்சைக் கேட்டாய்? "புகையில செம்பனை மரமெல்லாம் எப்படித் தெரியுதுன்னு பாக்கணும்லா, கெளம்பி வா" என்றாய்.

இன்றும் ஞாயிறு. மணி எட்டரை. உன் மகள், பழுது பார்த்து வைத்திருந்த உன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கேரி தீவுக்குத் தனியாகப் போயிருக்கிறாள். பாலத்தைத் தாண்டிவிட்டதாக ஏழு மணிக்கு ஒரு மெசேஜ் வந்தது. அதன் பிறகு ஒன்றும் வரவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டு, ஆறிப்போன காபியைத் தள்ளி வைத்துவிட்டு உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். இதையெல்லாம் வேறு யாரிடம் சொல்ல?

நாற்பத்தேழு வயதில் நமக்குப் பிடித்த பைத்தியம் இது. கிள்ளான் துறைமுகத்துச் சரக்கு அலுவலகத்தில் இருபது வருடம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்து படிவம் நிரப்பிய இரண்டு பெண்கள். ஒருநாள் நீ காப்பாரில் ஒரு கடைக்குப் போய்ச் சைக்கிள் வாங்கினாய். கூட வந்த பாவத்துக்கு என்னையும் ஒன்று வாங்க வைத்தாய். "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?" என்று உன் அண்ணி கேட்டார். "அப்புறம் எந்த வயசுல அண்ணி?" என்று திருப்பிக் கேட்டாய்.

எனக்குப் பிடித்தது கணக்கு. எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், போன வாரத்தைவிட எவ்வளவு வேகம். உனக்கு அதெல்லாம் வேண்டாம். வாய்க்காலில் உடும்பு நீந்தினால் நிற்பாய். யார் வீட்டிலோ மிளகாய்ச் சம்பல் வதக்குகிற வாசம் வந்தால் நின்று மூச்சை இழுப்பாய். வேலி ஓரம் துணி காயப்போடுகிற பாட்டிக்குக் கை காட்டுவாய். எனக்கு எரிச்சலாக வரும். "இடத்துக்குப் போய்ச் சேரணுமா வேணாமா?" என்று கத்துவேன். "கார்ல போனா எல்லாத்தையும் தாண்டிப் போறோம்டி. சைக்கிள்ல போனா எல்லாத்துக்கும் பக்கத்துல போறோம்" என்பாய். அப்போது அது சோம்பேறியின் சாக்கு என்று நினைத்தேன்.

லோரிகளுக்குப் பயந்து நாம் எப்போதும் ஒருவர் பின் ஒருவராகத்தான் போவோம். முன்னால் போகிறவள்தான் இருவருக்கும் கண். பள்ளம் வந்தால் கையைத் தாழ்த்திக் காட்டுவாள். சந்திப்பு வந்தால் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "கிளியர்!" என்று குரல் கொடுப்பாள். பின்னால் வருகிறவள் நிற்காமல் தாண்டிவிடலாம். சைக்கிள் ஓட்டுகிற எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். நின்றுவிட்டு மறுபடி முதலிலிருந்து மிதிப்பதைப்போல வெறுப்பான வேலை வேறு கிடையாதே. "நீ கிளியர்னு சொன்னா நான் கழுத்தைக்கூடத் திருப்ப மாட்டேன்" என்று ஒருமுறை சொன்னாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தக் கடைசி ஞாயிறு எண்ணெய்ச் செம்பனைத் தோட்டச் சாலையில் நூறடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. வழக்கமாகக் கத்துகிற குரங்குகள்கூடச் சத்தம் போடவில்லை. வாய்க்கால் ஓரம் ஐந்தாறு கொக்குகள் அசையாமல் நின்றன. நீ வேகத்தைக் குறைத்தாய். அது எனக்குத் தெரியும். திரும்பிப் பார்த்தேன், உன் மஞ்சள் சட்டை புகைக்குள் சின்னதாகத் தெரிந்தது. நீ வெகுதூரம் பின்தங்கிவிட்டாய் என்று தெரிந்தேதான் முச்சந்திக்கு வந்தேன். இரண்டு பக்கமும் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பழக்கத்தில் வாய் திறந்துவிட்டது. அதுவும் உனக்குக் கேட்கட்டும் என்று வழக்கத்தைவிடச் சத்தமாக.

"கிளியர்!"

நான் தாண்டியபோது சாலை காலியாகத்தான் இருந்தது. நீ என்னைப் பிடிக்க பெடலில் எழுந்து நின்று மிதித்து வந்து சேர்ந்தபோது செம்பனைக் குலை ஏற்றிய லோரி வந்துவிட்டது. அந்த ஓட்டுநர் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். "அவங்க நிக்கவே இல்லக்கா, நேரா வந்துட்டாங்கக்கா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் சொன்னது உண்மை. நீ ஏன் நிற்கவில்லை என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

போலீஸ் கேட்டபோது, "நான் முன்னாடி போனேன், அவ பின்னாடி வந்தா" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். சாவு வீட்டில் எல்லோரும் புகையைத் திட்டினார்கள், லோரியைத் திட்டினார்கள். நானும் தலையாட்டினேன். கோழை.

இரண்டு வருடம் சைக்கிளைத் தொடவில்லை. போன மாதம் உன் மகள் செமினி ஊரிலிருந்து வந்தாள். "அம்மாவுக்கு இதுல அப்படி என்னதான் இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும் ஆன்டி. அவங்க போன வழியில என்னைக் கூட்டிட்டுப் போங்க." முழங்கால் வலி என்றேன், மழை என்றேன். மூன்றாவது முறை கேட்டபோது மறுக்க முடியவில்லை.

கிளம்பும்போது நானேதான் அவளுக்கு நம் பழக்கங்களைச் சொல்லிக்கொடுத்தேன். உன்னைப் போலவே ஓட்டுகிறாள். நாலடிக்கு ஒருமுறை நிற்கிறாள். "கார்ல நூறு தடவை இங்க வந்திருக்கேன் ஆன்டி. இந்த வாய்க்கா இருக்கறதே எனக்குத் தெரியாது!" என்று சிரித்தாள். கத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நானும் நின்று பார்த்தேன். உடும்பு இன்னும் நீந்துகிறது. உனக்கு அதில் என்ன கிடைத்தது என்று எனக்கு அன்றுதான் புரிந்தது, இதையெல்லாம் விட்டுவிட்டுப் போய்விட்டாயே என்று உன்மேல் கோபமும் வந்தது.

முச்சந்தி வந்தது. பின்னாலிருந்து அவள் குரல் கொடுத்தாள். "கிளியரா ஆன்டி?"

இறங்கிவிட்டேன். சைக்கிளைப் புல்லில் போட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கொக்கு, மஞ்சள் சட்டை, நான் திரும்பிப் பார்த்தது, தெரிந்தே கத்தியது. அவள் அழவில்லை.

"அம்மா பாக்கவே இல்லையா?"

"என் குரலைக் கேட்டுட்டு வந்தாம்மா."

அவள் வலது பக்கம் பார்த்தாள், இடது பக்கம் பார்த்தாள், மறுபடி வலது பக்கம் பார்த்தாள். தனியாகத் தாண்டினாள். அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, "நீங்க பாத்துட்டு வாங்க ஆன்டி" என்றாள். மன்னித்தாளா, தள்ளி நிறுத்தினாளா என்று அந்தக் குரலில் எனக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவள் தனியாகத்தான் போகிறாள். பாலம் தாண்டியதும் ஒரு மெசேஜ், முச்சந்தி தாண்டியதும் ஒரு மெசேஜ். நான் கேட்காமலே அனுப்புகிறாள். நேற்று போன் போட்டு, "புகையா இருக்கும்மா, இந்த வாரம் வேணாமே" என்று கெஞ்சினேன். "அதான் ஆன்டி போறேன். மரமெல்லாம் எப்படித் தெரியுதுன்னு பாக்கணும்" என்றாள். உன் வார்த்தையை அவளிடம் நான் சொன்னதே இல்லை.

இதோ போன் அதிர்ந்தது. படம் அனுப்பியிருக்கிறாள், எழுத்து ஒன்றும் இல்லை. வாய்க்கால், புகை, ஐந்தாறு கொக்குகள். விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறேன். பின்னால் முச்சந்திப் பலகை மங்கலாகத் தெரிகிறது. அதற்கும் பின்னால் புகைக்குள் மஞ்சளாக இரண்டு லோரி விளக்குகள். அவள் இன்னும் தாண்டாமல் இந்தப் பக்கம்தான் நிற்கிறாள்.

இங்கே பிரிக்ஃபீல்ட்ஸில் உட்கார்ந்துகொண்டு நான் எதைப் பார்த்துச் சொல்ல முடியும்? ஆனால் அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு, அடுத்த மெசேஜ் வரும்வரை, வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.