மாடியில் பின்பக்க அறை

அதிராம்பட்டினம்
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்க வேண்டாம். போனை எடுத்தால் உங்கள் மச்சான் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். அப்புறம் நாம் இரண்டு பேர் பேசுவதில்லை, வீடே பேசுகிறது. போன தடவை நீங்கள் பாதியிலேயே வைத்துவிட்டீர்கள். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது பாருங்கள்.

என் பெண் ஃபர்சானாவுக்கு இடம் பொருந்திவிட்டது. பையன் பெயர் ரிஸ்வான். பட்டுக்கோட்டையில் மெடிக்கல் கடை வைத்திருக்கிறார். அமைதியான பிள்ளை. பெண் பார்க்க வந்த அவருடைய உம்மா, ஃபர்சானாவைப் பார்ப்பதற்கு முன்பே, "இவ சிங்கப்பூர் மாமா இப்பவும் அங்கனதானே இருக்காக?" என்று கேட்டார்கள். "இருக்காரு, பெரிய கம்பெனி, மாசம் அஞ்சரை லட்சம்" என்றார் உங்கள் மச்சான். அதற்குப் பிறகுதான் அந்த அம்மா டீயைக் கையில் எடுத்தார்கள்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் நிக்காஹ் இல்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். தனியாக ஒரு வீடு கட்ட எங்களுக்குச் சக்தி கிடையாது. நீங்கள் எனக்குக் கட்டிக்கொடுத்த வீட்டின் மேலேயே ஒரு மாடி எடுத்து அவள் பெயருக்கு எழுதலாம் என்று நினைக்கிறோம். கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உங்களை விட்டால் யாரிடம் கேட்பேன்?

உங்கள் தங்கை
ஃபஸீலா


தோ பாயோ, சிங்கப்பூர்
27 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கச்சி ஃபஸீலாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதம் கிடைத்தது. ஃபர்சானாவுக்கு என் வாழ்த்து.

மச்சானிடம் ஒன்று சொல். சம்பளத்தை ரூபாயில் பெருக்கிச் சொல்கிறவர் செலவையும் பெருக்கிச் சொல்ல வேண்டும். நான் ஒன்பதாயிரம் சிங்கப்பூர் வெள்ளி வாங்குகிறேன். வாங்குவதையும் வெள்ளியில்தான் வாங்குகிறேன், தின்பதையும் வெள்ளியில்தான் தின்கிறேன். தேக்கா சந்தையில் ஒரு துண்டு வஞ்சிர மீனை நான் உங்களைப் போல் பெருக்கிப் பார்த்தால் அதைத் தொட மாட்டேன். பல நாள் தொடுவதுமில்லை.

தொட்டாலும் பொரிக்க முடியாது. நான் குடியிருப்பது அமலா என்கிற அம்மாளின் வீவக வீட்டில், அதுதான் அரசு கட்டிய அடுக்குமாடியில், ஓர் அறை. அடுக்களையில் முட்டை அவிக்கலாம், தண்ணீர் கொதிக்க வைக்கலாம். மீன் வாடை கூடாது. போன வாரம் வாடகையைக் கூட்டினாள். "பாய், நான் என்ன செய்றது லா? எல்லாம் ஏறுது. மார்க்கெட் ரேட்டே அப்படித்தான். உங்களுக்கு என்ன, ஆபீஸ் ஆளு" என்றாள். எல்லாருக்கும் நான் ஆபீஸ் ஆள். தஞ்சோங் பகாரில் இருபதாவது மாடியில் உட்கார்ந்து, கப்பலில் நனைந்துபோன சரக்குக்கு இழப்பீடு எவ்வளவு என்று தீர்மானிக்கிற ஆள். இதே தஞ்சோங் பகார் துறைமுகத்தில் அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஆட்கள் மூட்டை தூக்கினார்கள். அவர்களுக்குப் படுக்கக் கொட்டகையாவது கம்பெனி கொடுத்தது.

என் வீட்டுக் கதை நீ மறந்திருக்க மாட்டாய். பதுருன்னிசாவையும் ஹனீனையும் இங்கே வைத்துக் குடும்பம் நடத்திப் பார்த்தேன். முழு வீட்டுக்கு வாடகை. ஹனீனுக்கு அரசுப் பள்ளியில் இடம் இல்லை என்றதால் தனியார் பள்ளி. மாதக் கடைசியில் பதுருன்னிசா பாதிக் கோழி வாங்குவாள். "சிங்கப்பூர் சம்பளக்காரன் பொண்டாட்டி பாதிக் கோழி வாங்குறேன்னு ஊர்ல சொன்னா நம்புவாங்களா?" என்று ஒரு நாள் கேட்டாள். அடுத்த ஆண்டு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அவள் வாப்பா கொடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். தலாக் ஆனபோது நான் அந்த வீட்டிலிருந்து எடுத்து வந்தது ஒரு பெட்டி. அவள் வீடு, நான் வந்துபோன மாப்பிள்ளை. வழக்கம் அதுதானே? அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மறக்கவும் மாட்டேன்.

மாடி கட்டு. ஹனீனின் மருத்துவக் கல்லூரிக் கட்டணம் போக மிச்சம் என்று எதுவும் இல்லை. வங்கியில் கடன் எடுத்து அனுப்புகிறேன். பத்திரம் ஃபர்சானா பெயரிலேயே இருக்கட்டும். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். மாடியில் பின்பக்கம் ஒரு சிறிய அறை எடு. வெளிப் படிக்கட்டிலிருந்து அதற்குத் தனி வாசல் வேண்டும். அது எனக்கு. ஐம்பத்தொரு வயதில் எனக்கென்று ஒரு கதவு இல்லை.

உன் காக்கா
ரஃபீக்


அதிராம்பட்டினம்
20 செப்டம்பர் 2024

அன்புள்ள காக்காவுக்கு,

சலாம். பணம் வந்து சேர்ந்தது. அல்லாஹ் உங்களுக்குப் பரக்கத்தைக் கொடுக்கட்டும்.

வேலை தொடங்கிவிட்டது. பின்பக்க அறைக்குச் சுவர் எழும்பிவிட்டது. கொத்தனார், "இது யாருக்கும்மா, சாமான் போடவா?" என்று கேட்டார். "என் காக்காவுக்கு" என்றேன். ஜன்னல் கிழக்குப் பார்த்து வைக்கச் சொன்னேன், காற்று வரும்.

ஒன்று சொன்னால் கோபப்படக் கூடாது. "ஒத்த ஆளுக்கு அவ்வளவு பணம் எப்படிப் பத்தாமப் போகும்?" என்று உங்கள் மச்சான் கேட்கிறார். உங்கள் கடிதத்தைக் காட்ட மனம் வரவில்லை. இன்னொன்று. நீங்கள் கட்டிய வீடு என்று நான் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் அந்த வீட்டில் எட்டு வருடம் உம்மா படுக்கையில் கிடந்தார்கள். நீங்கள் பணம் அனுப்பினீர்கள், நான் பீ மூத்திரம் அள்ளினேன். இரண்டையும் தராசில் வைக்கச் சொல்லவில்லை. நீங்கள் மட்டும்தான் கொடுத்தீர்கள் என்பது போல எழுதுகிறீர்களே, அதுதான் வலிக்கிறது.

ஜனவரியில் நிக்காஹ். மாமா வந்து மாப்பிள்ளைக்கு மாலை போட வேண்டும். லீவு இல்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

ஃபஸீலா


உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்
9 பிப்ரவரி 2025

ஃபஸீலாவுக்கு,

சலாம். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நிக்காஹ் சிறப்பாக நடந்தது. பிரியாணியில் குறை சொல்ல எதுவும் இல்லை.

எனக்குப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் லாட்ஜில் அறை போட்டிருந்தாய். விருந்தாளிக் கூட்டம், இடம் இல்லை என்றாய். ஒப்புக்கொண்டேன். ஆனால் நிக்காஹ் முடிந்த பிறகு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பின்பக்க அறையில் சீர் சாமான் அட்டைப்பெட்டிகள் கூரை வரை இருந்தன. வெளிப் படிக்கட்டின் வாசலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். கேட்டதற்கு மச்சான், "பொண்ணு இருக்கிற மாடி, வெளியே இருந்து வழி இருந்தா நல்லா இருக்காதுன்னு மாப்பிள்ளை வீட்ல சொன்னாங்க" என்றார். நீ பக்கத்தில்தான் நின்றாய். தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாய்.

மேலே தலைப்பில் உள்ள புது முகவரியைக் குறித்துக்கொள். அமலாவின் வாடகை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. உட்லண்ட்ஸில் அதைவிடச் சின்ன அறை. காலையில் சோதனைச் சாவடிப் பக்கம் போனால், மலேசியாவின் ஜோகூரிலிருந்து பாலம் கடந்து வேலைக்கு வருகிறவர்கள் கூட்டம் கூட்டமாய் வருவார்கள். தூக்கமில்லாத முகங்கள். எல்லாரும் அவர்களைப் பார்த்துப் பாவம் என்பார்கள். நான் சொல்வதில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் அவர்களுக்கு வீடு இருக்கிறது.

அறையைக் காலி செய்து வை.

ரஃபீக்


உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்
15 ஜூன் 2025

அன்புத் தங்கச்சி ஃபஸீலாவுக்கு,

சலாம். போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. பரவாயில்லை. ஃபர்சானா உண்டாகியிருப்பதாக மச்சான் வாட்ஸ்அப்பில் சொன்னார். மாஷா அல்லாஹ்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வேலை பாஸ் புதுப்பிக்கவில்லை. இங்கே வயது ஏற ஏற, பாஸுக்குத் தேவையான சம்பளமும் ஏறும். இருபத்தைந்து வயதுக்காரனுக்கு ஒரு கணக்கு, எனக்கு ஒரு கணக்கு. அலுவலகத்தில் ரக்ஷனா என்கிற பெண் கூப்பிட்டுச் சொன்னாள். என் ஹனீனைவிட நாலைந்து வயது கூட இருப்பாள். "சார், உங்க ஏஜுக்கு உங்க சேலரி பத்தலை சார். சிஸ்டம்ல போகவே மாட்டேங்குது. இவ்வளவு ஏத்தித் தர முடியாதுன்னு மேலே சொல்லிட்டாங்க. சாரி லா சார்." அவள் கண் கலங்கியது. நான்தான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

நல்ல சம்பளம், எப்படிப் பத்தாது என்று ஊரே கேட்டதே. இப்போது அரசாங்கமே சொல்லிவிட்டது, பத்தாது என்று. மச்சானிடம் சொல், அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில் உன் மாடிக் கடனை அடைத்துவிட்டேன். ஹனீனின் மிச்சக் கட்டணத்தையும் கட்டிவிட்டேன். கையில் ஒன்றும் பெரிதாக இல்லை. ஆகஸ்டில் வருகிறேன். விடுமுறைக்கு இல்லை, இருப்பதற்கு. வாசலை மறுபடி திறக்க வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. உள்ளே வழியாகவே போய்வருகிறேன். ஒரு கட்டில், ஒரு மின்விசிறி போதும். உங்கள் யாருக்கும் தொந்தரவாக இருக்க மாட்டேன். ஏதாவது பள்ளியில் கணக்கு எழுதும் வேலை கிடைக்கும்.

கோபத்தில் எழுதியதையெல்லாம் மனதில் வைக்காதே. எனக்கு நீதான் இருக்கிறாய்.

உன் காக்கா
ரஃபீக்


அதிராம்பட்டினம்
4 ஜூலை 2025

என் அன்புக் காக்காவுக்கு,

சலாம். உங்கள் கடிதத்தை அடுக்களையில் நின்றுகொண்டே படித்தேன். படித்ததும் அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன். யாரிடமும் காட்டவில்லை.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். பின்பக்க அறையில் மாப்பிள்ளை மருந்துப் பெட்டிகள் வைத்திருக்கிறார். குழந்தை பிறந்தால் ஃபர்சானா அங்கேதான் படுக்க வேண்டும், கீழே ஈரம். அதுகூடப் பெரிதில்லை. மாப்பிள்ளை வந்து குடியிருக்கிற மாடியில், மாமா நிரந்தரமாக வந்து உட்கார்ந்தால் அவர் வீட்டில் என்ன பேசுவார்கள்? வீடு உங்களுடையது என்று நான் சொல்வேன். பத்திரம் அப்படிச் சொல்லவில்லையே. அந்தப் பத்திரத்தை அப்படி எழுதச் சொன்னதும் நீங்கள்தான்.

ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பார்த்திருக்கிறேன். ஓடு போட்டது, கிணறு இருக்கிறது. என் வளையலை அடகு வைத்து முன்பணம் கொடுத்துவிட்டேன், உங்கள் மச்சானுக்குத் தெரியாது. தினமும் சோறு கொடுத்து அனுப்புவேன். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து சாப்பிடலாம்.

இன்னொரு வேண்டுதல். காலைப் பிடித்துக் கேட்கிறேன். வேலை போய்விட்டது என்று குழந்தை பிறக்கிற வரைக்கும் சொல்ல வேண்டாம். நீண்ட விடுமுறை என்று சொல்லிக்கொள்ளலாம். மாப்பிள்ளையின் உம்மா இப்போதும் வருகிறவர்களிடம் முதலில் சொல்வது, "மருமவளுக்குச் சிங்கப்பூர் மாமா இருக்காக" என்பதுதான். அந்த ஒரு வார்த்தையில் என் பிள்ளைக்கு அந்த வீட்டில் நாற்காலி கிடைக்கிறது, காக்கா.

என்னை மன்னித்துவிடுங்கள்.

ஃபஸீலா


உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்
2 ஆகஸ்ட் 2025

ஃபஸீலாவுக்கு,

சலாம். நல்ல செய்தி. கம்பெனி மனம் மாறிவிட்டது. சம்பளத்தை ஏற்றி, இன்னும் இரண்டு வருடத்துக்குப் பாஸ் வாங்கிவிட்டார்கள். அதனால் நான் வரவில்லை.

ஓட்டு வீட்டின் முன்பணத்தைத் திருப்பி வாங்கி வளையலை மீட்டுக்கொள். மாப்பிள்ளையிடம் பொய் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மாமா சிங்கப்பூரில்தான் இருக்கிறார்.

இந்த அறையைக் காலி செய்கிறேன். புது முகவரி பிறகு. போன் நம்பரும் மாறும். குழந்தை பிறக்கும் சமயத்தில் ஏதாவது அனுப்புகிறேன்.

ரஃபீக்


அதிராம்பட்டினம்
23 நவம்பர் 2025

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஃபர்சானாவுக்குப் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். பின்பக்க அறையில் தொட்டில் கட்டியிருக்கிறோம். கிழக்கு ஜன்னல் வழியாக நல்ல காற்று வருகிறது.

பார்சல் வந்தது. கோடாலித் தைலம், மைலோ, சாக்லேட், குழந்தைக்கு மஞ்சள் பூப் போட்ட துவாலை, எல்லாம் கிடைத்தன. பிரிக்கும்போது மாப்பிள்ளையும் அவர் உம்மாவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். "சிங்கப்பூர் சாமானுக்கு வாசனையே தனி" என்று அந்த அம்மா தைலத்தை நெற்றியில் தடவிக்கொண்டார்கள். உங்களுக்கு ரொம்ப துஆச் செய்தார்கள்.

துவாலையை நான்தான் விரித்தேன். ஓரத்தில் கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு இருந்தது. ரூபாயில் இருந்தது. கீழே பர்மா பஜார், சென்னை என்று சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது. அவர்கள் பார்ப்பதற்குள் கைக்குள் மடித்துக்கொண்டேன். மேல் உறையையும் அடுப்பில் போட்டுவிட்டேன். போடுவதற்கு முன், கூரியர்காரன் அதில் குறித்திருந்த அனுப்பியவர் முகவரியை எழுதி வைத்துக்கொண்டேன். மண்ணடியில் அந்த மேன்ஷனுக்குத்தான் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன்.

ஒரு ராத்திரி ரயில் பயணம்தானே, வந்து பார்த்துவிடலாம் என்று பை எடுத்து வைத்தேன். பார்த்த பிறகு எங்கே கூட்டிக்கொண்டு வருவது என்று யோசித்தேன். பையைத் திரும்பப் பரணில் ஏற்றிவிட்டேன்.

குழந்தைக்கு நாற்பதாம் நாள் டிசம்பர் கடைசியில் வருகிறது. அப்போதும் சிங்கப்பூரிலிருந்து ஏதாவது வரும் என்று மாப்பிள்ளை வீட்டில் எதிர்பார்ப்பார்கள். பெரிதாக ஒன்றும் வேண்டாம், சோப்பு போதும்.

அனுப்பும்போது சீட்டைக் கிழித்துவிட்டு அனுப்புங்கள், காக்கா.

உங்கள் தங்கை
ஃபஸீலா